கீழ் வரி அண்ணனுக்கு

ஓரக்காவைப் படம் பார்க்க வீட்டுக்குக் கூப்பிடுபவர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். கதாநாயகன் பாறையில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து இவள் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்துவாள். நிறுத்தியதோடு விடுவாளா? எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி எதையோ அளக்க ஆரம்பிப்பாள்.

"பாருங்க, பாருங்க! நிறுத்துற குறியக் கொண்டுபோய் அவன் மூக்கு மேலயே வெச்சிருக்காங்க. மனுஷன் உயிருக்குப் போராடுறான், மூக்கு மேல ரெண்டு கோடு! வெச்சவனுக்கு மனசாட்சியே இல்லையா?"

கூப்பிட்ட வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைக்கும், வம்பை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிழைப்பே அதுதான். கம்ப்யூட்டரிலும் டிவியிலும் படம் ஓட்டுகிற பிளேயரில் ஒரு பொத்தானை அமுக்கினால் படத்தின் மேல் சில சங்கதிகள் எட்டிப் பார்க்கும். எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி, சத்தம் எந்த அளவில் இருக்கிறது, சப்டைட்டில் எந்த மொழியில் ஓடுகிறது. கொஞ்சம் நின்றுவிட்டுத் தானாக மறைந்துவிடும். அவை எங்கே நிற்பது, எவ்வளவு பெரிதாக நிற்பது, எப்போது மரியாதையாகக் கிளம்புவது என்பதையெல்லாம் வரைந்து கொடுப்பவள் ஓரக்கா. நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. மோசமாகச் செய்தால் ஊரே திட்டும். இப்படி ஒரு வேலைக்கு ஆசைப்பட்டு யாராவது வருவார்களா என்றால், இவள் வந்தாள். அதுவும் ஓடி வந்தாள்.

முதலில் அவள் பட டிஸ்க்குகளுக்கு அட்டை வடிவமைக்கிற கடையில் இருந்தாள். டிஸ்க் வாங்குவாரில்லாமல் கடை படுத்தது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோதுதான், தான் தினமும் படம் பார்க்கிற பிளேயருக்குச் சட்டை மாற்றலாம் என்று கண்டுபிடித்தாள். பொத்தான்களை இடம் மாற்றலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், வேண்டாததைத் தூக்கிக் கடாசலாம். ஒரு லேஅவுட் செய்து இணையத்தில் போட்டாள். எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், "கடிகாரம் தப்பான பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதினார். வேறொருத்தியாக இருந்தால் முகம் தொங்கிப்போயிருக்கும். இவளோ வீட்டுக்குள் குதித்தாள். "அண்ணா, யாரோ ஒருத்தர் என் கடிகாரத்தப் பார்த்திருக்காரு!"

அப்படிப் போட்ட லேஅவுட்டுகளில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான், பிளேயர் செய்கிற கம்பெனி நடத்தும் மேடம் அவளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டார். மேடத்தின் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. படி ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். கீழே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தால் மேலே மேசையில் டீ டம்ளர் ஆடும். ஆனால் அங்கே செய்கிற பிளேயர் எங்கெங்கோ உள்ள வீடுகளில் படம் ஓட்டுகிறது. அதை நினைத்தாலே ஓரக்காவுக்குப் படி ஏறுகிற களைப்பு தெரியாது.

ஓரக்கா என்ற பெயரும் அங்கே வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படத்தை எதுவும் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் திரையின் ஓரத்துக்கு ஓரமாகத் தள்ளி வைத்தாள். கம்ப்யூட்டரில் பார்க்க அவ்வளவு அழகு. பழைய டிவிகள் சில, படத்தின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் காட்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த டிவிக்காரர்கள் வீட்டில் கடிகாரமும் காணோம், வால்யூமும் காணோம். "உங்கள் பிளேயர் மிகவும் அமைதியானது, ஒன்றுமே காட்டுவதில்லை" என்று ஒருவர் கடிதம் எழுதிப் பாராட்டியும்விட்டார். அதை மேடம் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்ட, அன்றிலிருந்து அவள் ஓரக்கா. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் வாங்குவது என்ன லேசான காரியமா?

இனி அண்ணன் கதைக்கு வருவோம். அது இல்லாமல் இவள் கதை இல்லை.

ஓரக்கா இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். சாப்பாடு, சண்டை, சினிமா எல்லாம் கீழே, அண்ணன் அண்ணியோடு. அண்ணன் தகடு அடிக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டுபவர். அந்தக் காலத்தில் தியேட்டரில் அவர் இருந்தால் பக்கத்து வரிசைக்காரர்களுக்கு டிக்கெட் காசு வசூல். ஜோக் வருவதற்குள்ளேயே அவருக்கு வாசனை பிடித்துவிடும். அவர் முதலில் சிரிப்பார், பிறகுதான் அரங்கம் சிரிக்கும். தங்கையைத் தோளில் இடித்து, "வருது பாரு, வருது பாரு" என்பார். வரும்.

பட்டறைச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பிடித்துக்கொள்வார். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் போட்டார். "தட்டு வெச்சா இடி இடிக்குது, செருப்பு தேய்ச்சா மழை பெய்யுது. பேச்சு மட்டும் கேக்க மாட்டேங்குது. இது எதுக்கு எனக்கு?" மெஷின் அலமாரிக்குள் போனது. சினிமாவுக்குச் சப்டைட்டில் வந்தது.

சப்டைட்டிலோடு அவர் நன்றாகத்தான் பார்த்திருப்பார், அண்ணி கையில் மட்டும் ரிமோட் இல்லாமல் இருந்தால். அவர்கள் வீடு இருப்பது லாரி திரும்புகிற முனையில். லாரி வந்தால் அண்ணிக்கு வசனம் கேட்காது, சத்தத்தைக் கூட்டுவார். லாரி போனதும் காது வலிக்கும், குறைப்பார். கூட்டுவதும் குறைப்பதும் அண்ணிக்கு மூச்சு விடுகிற மாதிரி, தானாக நடக்கும். ஒவ்வொரு தடவையும் திரையின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை எழும்பும். எங்கே எழும்பும்? சரியாகச் சப்டைட்டில் மேல். படத்தில் யார் யாரைக் கொன்றான் என்று சொல்கிற வரி அந்தப் பட்டைக்கு அடியில் போய்விடும். பட்டை மறைவதற்குள் வரியும் மறைந்துவிடும்.

அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்ப்பார், பட்டைக்கு அடியில் எட்டிப் பார்க்கலாம் என்பதுபோல. பிறகு, "வண்டியத் துடைக்கணும்" என்று எழுந்து வெளியே போய்விடுவார். அந்தத் தெருவிலேயே பளிச்சென்று இருப்பது அவருடைய பைக்தான். அது எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, அவர் அத்தனை படங்களைப் பாதியில் விட்டிருக்கிறார் என்று கணக்கு. ஹாலில் அவருடைய நாற்காலியும் மெல்ல மெல்ல நகர்ந்து வாசற்படிக்குப் பக்கத்தில் போய்விட்டது. எழுந்து போக வசதியாக.

அந்தப் பட்டையை அங்கே வைத்தது யார்? ஓரக்கா வேலை செய்கிற கம்பெனிதான். வீட்டு டிவியில் ஓடுவது அவர்கள் பிளேயர். ஒவ்வொரு தடவை அண்ணன் எழுந்து போகும்போதும் அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் திரை வரைந்து கொடுக்கிறேன், என் அண்ணனுக்கு ஒரு வரி வாசிக்க வழி செய்ய முடியவில்லையே என்று.

வழி பிறந்தது ஒரு திங்கட்கிழமை. மேடம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "புது வெர்ஷன் வருது. இன்ஸ்டால் பண்ணதும் கண்ணுக்குத் தெரியுற லேஅவுட்டையே மாத்தப்போறோம். ரெண்டு பேரும் தனித்தனியா செஞ்சு கொண்டாங்க. வெள்ளிக்கிழமை பெரிய டிவியில போட்டுப் பார்ப்போம். நல்லா இருக்குறது போகும். ரெண்டும் நல்லா இல்லன்னா பழசே இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ரெண்டு பேர் என்றால் ஓரக்காவும் பளபளாவும். பளபளா அவளைவிட இளையவன், கெட்டிக்காரன். அவன் வரைந்தால் பொத்தான்கூட எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததுபோல மின்னும். "அக்கா, இந்தத் தடவை உங்கள ஓரங்கட்டிடுவேன்" என்று சிரித்தான். ஓரக்காவும் சிரித்தாள். ஆனால் உள்ளே கணக்குப் போட்டாள். பழைய பட்டை இன்னும் ஒரு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அண்ணன் படம் பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிடுவார். நாற்காலி வாசற்படி வரை வந்தாயிற்று. அடுத்தது வாசலுக்கு வெளியேதான்.

அவள் நேராகப் போனது ஆகாதப்பாவிடம். லேஅவுட்டுக்கு உயிர் கொடுக்கிற புரோகிராமர் அவர்தான். எதைக் கேட்டாலும் "ஆகாதுப்பா" என்பது அவருடைய பழக்கம், அதனால் அந்தப் பெயர். டீ வாங்கிவரட்டுமா என்றாலும் முதலில் ஆகாதுப்பா என்றுவிட்டு, பிறகு குடிப்பார்.

"பட்டை வரும்போது சப்டைட்டில் கொஞ்சம் மேல ஏறி நிக்கணும். பட்டை போனதும் இறங்கணும். முடியுமா?"

"ஆகாதுப்பா. பட்டைய வரையறது ஒருத்தன், எழுத்த வரையறது வேற ஒருத்தன். ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க. பேசவைக்கணும்னா மாசக்கணக்கா உக்காரணும்."

அவள் அவர் மேசையை விட்டு நகரவில்லை. கெஞ்சினாள், கொஞ்சினாள், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். கடைசியில் அவர் அரைகுறையாக ஏதோ ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அதை வீட்டு டிவியில் ஏற்றி, அன்று சாயங்காலமே அண்ணனை உட்காரவைத்தாள். லாரி வந்தது. அண்ணி கூட்டினார். பட்டை எழும்பியது, எழுத்து தாவி மேலே ஏறியது. லாரி போனது, எழுத்து தொப்பென்று இறங்கியது. மறுபடியும் லாரி.

"ஏய் பாப்பா," என்றார் அண்ணன், "இத நான் வாசிக்கிறதா, துரத்திப் பிடிக்கிறதா?"

வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஓரக்கா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர் எழுந்திருக்கும் முன்னால் செய்த ஒன்று அவள் கண்ணிலேயே நின்றது. பட்டை வந்ததும் அண்ணன் கையை லேசாகத் தூக்கி, மேல்நோக்கித் தள்ளினார். படுத்திருக்கிற பூனையை நகர்த்துகிற மாதிரி. தள்ளியது எழுத்தை அல்ல. பட்டையை!

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அட, இத்தனை நாளாக இது எப்படித் தோன்றாமல் போனது? வாசிக்கிறவர் கண் எழுத்தில் இருக்கிறது, எழுத்தை ஏன் நகர்த்த வேண்டும்? வந்துபோகிறது பட்டை, அதுதான் நகர வேண்டும். கீழ் வரி சப்டைட்டிலுக்குச் சொந்தம். சப்டைட்டில் ஓடுகிற படத்தில் மற்ற அத்தனையும் திரையின் மேல்பக்கம் போகட்டும். வால்யூம், கடிகாரம், நேரம் காட்டுகிற பட்டை, எல்லாம். சப்டைட்டில் இல்லாவிட்டால் பழையபடி கீழேயே இருக்கட்டும், யாருக்கும் தொந்தரவில்லை.

"அண்ணி! எல்லாத்தையும் மேல தூக்கிடுறேன்!"

"எதத் தூக்குற? நாற்காலியா?" என்றார் அண்ணி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே.

மறுநாள் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போய் ஆகாதப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். கூரையைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பங்காளியும் பேசிக்கவே வேண்டாம்?"

"வேண்டாம்."

"படம் ஆரம்பிக்கும்போது சப்டைட்டில் ஓடுதான்னு ஒரு தடவை கேட்டா போதும். ஓடினா மேல. ஓடலன்னா கீழ."

"அவ்வளவுதான்!"

"ஆகும்," என்றார்.

பக்கத்து மேசையில் பளபளா தலையைத் தூக்கினான். மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு பேசினது இப்போ? ஆகும்னா?" அந்த அலுவலகத்தில் ஆகாதப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு ஓரக்காவுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. மேல்பட்டையை எவ்வளவு இறக்கி வைத்தால் பழைய டிவி வெட்டாமல் இருக்கும் என்று பார்த்தாள். பட்ட அடி மறக்குமா? வெளிச்சமான வானத்தின் மேல் கடிகாரம் தெரிய எழுத்துக்குப் பின்னால் நிழல் கொடுத்தாள். அலுவலகத்தின் ஒரு மூலையில் டிவி, எதிர் மூலையில் அவள் நாற்காலி. ஓடிப்போய் மாற்றுவாள், ஓடிவந்து பார்ப்பாள். கீழே டயர் கடைக்காரர், மேலே என்ன ஓட்டப் பந்தயமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

லேஅவுட் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சப்டைட்டில் வரப்போகிற இடத்தில் ஏதாவது ஒரு மாதிரி வரியைப் போட்டு வைத்துக்கொண்டுதான் அளவு பார்ப்பார்கள். அந்த வரி எதுவாகவும் இருக்கலாம். பளபளா தனக்குப் பிடித்த ஷூ கம்பெனிகளின் பெயர்களைப் போடுவான். ஓரக்கா என்ன போட்டாள் தெரியுமா? "அண்ணா, எந்திரிச்சுப் போயிடாத. படம் இன்னும் முடியல." நாள் முழுக்க அந்த வரியைப் பார்த்துக்கொண்டே அதற்கு மேலேயும் கீழேயும் இடம் அளந்தாள். வேலை முடிந்ததும் மாதிரி வரியை எடுத்துவிட வேண்டும். அதுதான் முறை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. சந்தோஷத்தில் மறந்தே போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய டிவியின் முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். மேடம் ஒரு கொள்ளைக் கதைப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார், நகைச்சுவைப் படம். மாமனும் மச்சானும் சேர்ந்து ஒரு பாங்கைக் கொள்ளையடிக்கிறார்கள், ஒருவன் செய்வதை இன்னொருவன் கெடுக்கிறான். சப்டைட்டிலும் போட்டுவிட்டார்கள்.

முதலில் பளபளாவின் லேஅவுட். பட்டை கீழேயிருந்து கண்ணாடிபோல எழும்பியது, உள்ளே ஒரு வெளிச்சம் வழிந்து ஓடியது. எல்லோரும் "ஆஹா" என்றார்கள். ஓரக்காவும் சொன்னாள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது அவளுடையது. மேடம் பொத்தானை அமுக்கினார். நேரப் பட்டை மேலே வந்தது.

"என்னம்மா இது, தலைகீழா இருக்கு? உலகத்துல எல்லா பிளேயர்லயும் கீழதானே இருக்கும்?"

"சப்டைட்டில் ஓடும்போது மட்டும் மேடம்…" என்று அவள் ஆரம்பிப்பதற்குள், படத்தில் திருடர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் அடிமேல் அடி வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். வசனம் இல்லை, அதனால் சப்டைட்டிலும் இல்லை. அந்தக் காலி இடத்தில், கொட்டை எழுத்தில் எழும்பியது அந்த வரி.

அண்ணா, எந்திரிச்சுப் போயிடாத. படம் இன்னும் முடியல.

மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

"படத்துல அண்ணனே இல்லையே? மாமன் மச்சான்தானே இவ்வளவு நேரம்?"

பளபளா குபீரென்று சிரித்துவிட்டான். ஆகாதப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஓரக்காவுக்கு முகம் சிவந்து, காது சூடாகி, பூமி பிளந்தால் டயர் கடைக்குள்ளேயாவது இறங்கிவிடலாம் என்று இருந்தது. அவ்வளவுதான், போயிற்று. இந்த வருஷமும் போயிற்று.

ஆனால் ஓடிவிட மனம் வரவில்லை. எழுந்து நின்றாள்.

"அது அளவு பார்க்கப் போட்ட மாதிரி வரி மேடம். எடுக்க மறந்துட்டேன். எங்க அண்ணனுக்காக எழுதினது. அவருக்குக் காது கேக்காது, எழுத்து வாசிச்சுத்தான் படம் பார்க்கிறாரு. லாரி போகும்போதெல்லாம் எங்க அண்ணி சத்தத்தக் கூட்டுவாங்க. நம்ம பட்டை வந்து எழுத்த மறைச்சுடும். அவரு எந்திரிச்சுப் போயிடுவாரு. ஒரு படம்கூட முழுசாப் பார்க்கல மேடம். நம்ம பட்டையாலதான்."

மேடம் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டிவி சத்தத்த நிறுத்துங்க," என்றார். "பளபளா, உன்னோடத முதல்ல போடு. படத்த ஆரம்பத்துலேர்ந்து ஓட்டு. நான்தான் இப்போ அண்ணி. கீழ லாரி ஹாரன் கேக்குறப்பல்லாம் வால்யூம அமுக்குவேன். எல்லாரும் வாசிச்சே பாருங்க."

டயர் கடை என்றால் லாரிக்குப் பஞ்சமா? படம் ஓட ஆரம்பித்ததும் கீழே ஹாரன். மேடம் அமுக்கினார். கண்ணாடிப் பட்டை மின்னிக்கொண்டு எழும்பி, வரியை விழுங்கியது. ஒருவரும் முதலில் கவலைப்படவில்லை. இன்னொரு ஹாரன், இன்னொரு வரி. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆகாதப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரக்காவுக்குச் சிலிர்த்துவிட்டது, அச்சு அசல் அண்ணன் சாய்க்கிற மாதிரி! திரையில் மாமன், சாவி எங்கே இருக்கிறது என்று மச்சான் காதில் சொல்ல வாயைத் திறந்தான். ஹாரன். பட்டை.

"ஐயோ, சாவி எங்கேன்னு சொன்னான்?" என்று கத்தியது யார்? பளபளாவேதான். "மேடம், தள்ளச் சொல்லுங்க அத! எங்கேன்னு சொன்னான்?"

"நீ வெச்ச பட்டைதானே?" என்றார் மேடம்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓரக்காவைப் பார்த்தான்.

பிறகு அவளுடையது. கீழே ஹாரன் அடித்தது, மேலே பட்டை வந்தது, போனது. எழுத்து தன் இடத்தில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டையை யாரும் பார்க்கக்கூட இல்லை. மாமன் சொன்னான், சாவி மச்சானின் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்று. சத்தமே இல்லாத அறையில் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"இதுதான் போகுது," என்றார் மேடம். "அந்த அண்ணன் வரிய மட்டும் எடுத்துடும்மா. ஊர்ல இருக்குற அண்ணன் எல்லாம் பயந்துடப்போறாங்க."

பளபளா வந்து, "அக்கா, மேல்பட்டைக்கு என் வெளிச்சத்த மட்டும் போட்டுக்கவா?" என்று கேட்டான். தாராளமாகப் போட்டுக்கொள் என்றாள். அந்த நேரத்தில் அவன் அவளுடைய மாடி அறையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

புது வெர்ஷன் வெளியான வாரம், வீட்டு டிவியிலும் அது தானாக வந்து இறங்கியது. ஓரக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும் ஒரு நகைச்சுவைப் படம் போட்டாள். அண்ணி ரிமோட்டோடு சோபாவில். அண்ணன் வாசற்படிக்குப் பக்கத்தில், தன் நாற்காலியில். ஓரக்கா தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனையில் லாரி திரும்பியது. அண்ணி கட்டைவிரலை அமுக்கினார். பட்டை மேலே வந்தது.

"ஐயையோ, டிவி தலைகீழாயிடுச்சு!" என்றார் அண்ணி.

அண்ணனின் தலை வழக்கம்போலச் சாயப் போனது. பாதியில் நின்றது. நிமிர்ந்தது. வரி அங்கேயே இருந்தது, முழுசாக. அவர் அதை வாசித்தார். அடுத்த வரியையும் வாசித்தார். இன்னொரு லாரி வந்தது, போனது. அண்ணன் மேலே பட்டையைப் பார்த்தார், கீழே எழுத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"பாப்பா, நீயா?"

அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அவர் எழுந்தார். ஓரக்காவுக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சோபாவுக்குப் பக்கத்தில், திரைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். வெளியே பைக்கின் மேல் தெருப் புழுதி படிந்துகொண்டிருந்தது.

படம் பாதிக்கு மேல் போயிற்று. திரையில் ஒருவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து முனையில் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து, ஹாரனால் வீட்டையே தூக்கின. அண்ணி விடாமல் அமுக்கினார், மேல்பட்டையில் சத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே போனது, அப்படியும் வசனம் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. சப்டைட்டில் பார்க்கிற பழக்கம் அண்ணிக்கு இல்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வரி போய்விட்டது.

அண்ணன் சிரித்தார். தியேட்டரில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. தோள் குலுங்கி, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வர.

"என்னங்க? என்னங்க சொன்னான்?" அண்ணி அவர் கையைப் பிடித்து உலுக்கி, முகத்துக்கு நேரே வந்து கேட்டார். "எனக்குக் கேக்கல, சொல்லுங்க!"

"இரு, இரு," என்றார் அண்ணன். "முதல்ல நான் சிரிச்சு முடிச்சுக்கிறேன்."